பாரிஸில் ஒரு குடும்பத்தின் பின்னால்

பாரிஸ் போய் இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கேட்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருப்பவளுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதே இல்லை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் எங்கள் ஊர் டையிங், பிரிண்டிங், தையல் யூனிட்டுகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. கலர் ஒத்துவரவில்லை என்று ஒருவர் கூப்பிடுவார். துணி இன்னும் வந்து சேரவில்லை என்று இன்னொருவர் கத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மதியம் வரை இதே கதைதான். கல்யாணம் செய்துகொள்ளாமலே நாற்பதைத் தாண்டிவிட்டேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கீழே அண்ணன் குடும்பம், பக்கத்துக் காம்பவுண்டில் இரவு பகலாக ஓடும் நிட்டிங் மிஷின்கள். தனியாக இருக்கிறேன் என்று நினைக்கக்கூட அங்கே நேரம் கிடைத்ததில்லை.

முதலாளியும் அவர் மனைவியும் நானும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. அங்கே நடக்கிற துணிக் கண்காட்சியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சிறிய இடம் பிடித்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தைய நாள் முதலாளியின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“அம்மிணி, நீங்க போய்ட்டு வந்துருங்க. பையருங்களை எல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தானுங்க நல்லாத் தெரியும்.”

“தனியாவாங்க?”

“ஏனுங்க, பயமா?”

“பயமெல்லாம் இல்லீங்க.”

“அப்புறம் என்னங்க? கண்காட்சி திங்கக்கெழமதான். ஞாயித்துக்கெழம நல்லா ஊரைச் சுத்திப் பாருங்க. நமக்கெல்லாம் அங்க போறதுக்கு இன்னொருக்கா வாய்க்குமோ என்னமோ.”

பயமில்லை என்று நான் சொன்னது உண்மைதான். பதினைந்து வருடங்களாக மெயிலிலும் போனிலும் பேசிப் பழகிய மனிதர்களின் ஊர். எங்கள் அட்டைப்பெட்டிகளின் மேல் எத்தனையோ தடவை அந்த ஊர்ப் பெயரை அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வரவிருந்தது பயமில்லை, வேறொன்று என்று அப்போது தெரியவில்லை.

ஓட்டலில் காலைச் சாப்பாட்டு அறை கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டு இரண்டு பேராக உட்காரும் சின்ன மேசைகள். நான் ஒன்றில் உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் வந்து விரலைக் காட்டி, ஒருவர்தானா என்று கேட்டாள். தலையாட்டினேன். எதிரே வைத்திருந்த கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வேலையை அவள் செய்தாள். ஆனாலும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு ரொட்டி இறங்கவில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன்.

வெளியே தெரு அமைதியாகக் கிடந்தது. ஞாயிறு காலை என்றால் எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டு பக்கம் கால் வைக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் துணி எடுக்கவும் கறி வாங்கவும் இறங்கியிருப்பார்கள். இங்கே ஒரு வயதானவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அது எப்படிப்பட்ட சத்தம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

போனில் வழி பார்த்துச் சுரங்க ரயில் ஏறினேன். இறங்கி ஒரு திருப்பத்தில் திரும்பியதும் கட்டடங்களுக்கு நடுவில் ஈஃபில் டவர் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பெண் குழந்தைகளின் டி-சர்ட்டில் இந்தக் கோபுரத்தை எத்தனை தடவை பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன்! கால்கள் சரியாக விழவில்லை என்று சாம்பிளைத் திருப்பி அனுப்பிய பையர்கூட உண்டு. எங்கள் டி-சர்ட்டில் அது எப்போதும் இளஞ்சிவப்பு. மேலே மினுமினுப்புத் தூள். நிஜத்தில் அது காய்ந்த செம்மண் நிறத்தில், இரும்பாக, யாரையும் கண்டுகொள்ளாமல் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தியமாக அழகாக இருந்தது. பக்கத்தில் யாரையாவது தோளில் தட்டி, “பாருங்க” என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

நானே என்னைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் என் மூக்கு மட்டும் பெரிதாக வந்தது. இன்னொன்றில் டவரின் தலையைக் காணோம். சுற்றிலும் ஜோடிகளும் குடும்பங்களும் மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரையாவது கேட்கலாம். வேலை என்றால் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம் அரைமணி நேரம் வாதாடுகிறவள் நான். “ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா” என்று கேட்க வாய் வரவில்லை.

அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மதியம். அவிநாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்; எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள்.

“அம்மிணி! எங்க நிக்கற?”

“டவர்கிட்டங்ணா. பாருங்க, தெரியுதுங்ளா?”

“அட, ஆமா! ஏ, எல்லாரும் இங்க வாங்க. அம்மிணி பாரீஸ்ல நிக்குது பாருங்க!”

போன் கை மாறியது. பட்டுச்சேலைகள், பூ, சந்தனம் வைத்த முகங்கள். ஒரு அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “எளச்சுப் போயிட்டியே கண்ணு, சோறு கெடைக்குதா?” என்றார். நான் ஊரைவிட்டுக் கிளம்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னொருவர் கையசைத்தார். கோபுரத்தைக் காட்டுவதற்காக நான் போனைத் திருப்பினேன். மறுபடி என் பக்கம் திருப்பிப் பார்த்தபோது, பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. போனை மல்லாக்க ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

என் திரையில் மண்டபத்துக் கூரையும் சுற்றுகிற ஒரு ஃபேனும் தெரிந்தன. நாதஸ்வரச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். நானும் துண்டிக்கவில்லை. டவருக்குக் கீழே ஒரு மரத்தடியில் நின்று அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே அண்ணன் மனைவியின் குரல் கேட்டது. அவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் நங்கை என்று கூப்பிடுவேன்.

யாரோ அவரிடம், “தனியாவா அத்தன தூரம் போயிருக்குது?” என்று கேட்டார்கள்.

“அதுக்கென்னங்க,” என்றார் நங்கை. “அது தனியா இருந்தே பழகிருச்சு.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். நான் பாரிஸ் கிளம்பும்போது பையில் பருப்புப்பொடியும் குளிருக்குப் போட்டுக்கொள்ள ஜெர்கினும் வைத்து அனுப்பியவர் அவர்தான். இருந்தாலும் அந்த வார்த்தை உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. சிக்னல் விட்டு விட்டு வந்தது; ஃபேன் அசையாமல் நின்றது, பிறகு திரை கறுத்தது.

போனைப் பையில் வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“இன்னும் கொஞ்சம்தான் நடக்கோணும்.”

“நீங்க எப்பவும் உப்பிடித்தான் சொல்லுவியள்.”

தமிழ். எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, இலங்கைத் தமிழ். கணவனும் மனைவியும், பதினாலு பதினைந்து வயதில் காதில் இயர்போன் மாட்டிய ஒரு மகளும் என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாளுக்கு என் வயதிருக்கும். புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும். ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார்.

திருப்பூரில் தெருவில் இறங்கினால் நாலு பாஷை காதில் விழும். தெற்கிலிருந்து வந்தவர்களின் தமிழ், பீகார்ப் பையன்களின் இந்தி, இன்னும் என்னென்னவோ. எதற்காகவும் நான் நின்று காது கொடுத்ததில்லை. அன்றைக்கு என் கால்கள் தானாக அவர்களுக்குப் பின்னால் போயின. கொஞ்ச தூரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் பாலத்தில் நின்றார்கள். நானும் கொஞ்சம் தள்ளிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஆற்றோரத்துப் பழைய புத்தகக் கடைகளில் அவர்கள் நின்றபோது, எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வெயில், செருப்பு, மகள் காலையில் சாப்பிடாதது, இவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. வெயில் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எனக்கும் வெயில் அடித்தது.

பேச வேண்டியதுதானே என்று கேட்கலாம். பேசினால் நான் யார், ஏன் தனியாக வந்தேன் என்று சொல்ல வேண்டிவரும். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவர்கள் நகர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு பின்னால் போகவும் முடியாது. பேசாமல் இருக்கும்வரை கூட நடக்கலாம்.

படகுத்துறையில் அவர்கள் டிக்கெட் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். மேலே திறந்த தளத்தில், அவர்களுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்தேன். படகு நகர்ந்ததும் அந்த அம்மாள் பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

“பிளாஸ்க் எங்கயப்பா?”

கணவர் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார். “ரயில்ல விட்டிட்டன் போல.”

“விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டது நான். காவிக்கொண்டு வாறது மட்டும்தான் உங்கட வேலை.”

“விடு. அது இப்ப எங்களைவிட நல்லா ஊர் சுத்திப் பாத்துக்கொண்டிருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். முதலில் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு கண் சுருங்கியது. பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கணவரின் பக்கம் சாய்ந்து அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இந்தப் பொம்பிளை டவரடியில இருந்து எங்களுக்குப் பின்னால வாறா. பாலத்தடியிலயும் நிண்டவ. பர்ஸைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

என்னைப் பார்த்தால் தமிழ் தெரிந்தவள்போல் தோன்றவில்லை போலும். படகுக் காற்றுக்கு, நங்கை வாங்கித் தந்த அந்த ஜெர்கினைக் கழுத்துவரை இழுத்துப் போட்டிருந்தேன், கறுப்புக் கண்ணாடி வேறு. காது மடல்வரை எரிந்தது. எழுந்து ஓடலாம் என்றால் படகு நட்டாற்றில் இருந்தது. இரண்டு பக்கமும் மாளிகைகளும் கல்பாலங்களும் வந்து வந்து போயின. ஒலிபெருக்கியில் ஒரு குரல் ராஜாக்களின் கதையை நான்கு மொழியில் சொன்னது. நான் எதையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த அந்தத் தோள்களையும், பையை இறுக்கிப் பிடித்த விரல்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே இறங்கிப் போனால் இந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கு நான் பர்ஸ் திருடியாகவே இருந்துவிடுவேன் என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினேன்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றேன்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

“நீங்கள் தமிழோ?”

“ஆமாங்க. திருப்பூருங்க. தமிழ்நாடு. நீங்க பேசறது காதுல உழுந்துச்சுங்க. காலைல இருந்து நேர்ல யாருகிட்டயும் பேசலீங்க. அதான் அப்படியே கூடவே வந்துட்டனுங்க. வேற ஒன்னும் இல்லீங்க.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. கணவர்தான் முதலில் சிரித்தார்.

“அப்ப நாங்கள் சண்டை பிடிச்சதெல்லாம் கேட்டிட்டீங்களோ?”

“பிளாஸ்க் போனது வரைக்கும் கேட்டனுங்க.”

மகள் இயர்போனைக் கழற்றிவிட்டு என்னை முதல் தடவையாகப் பார்த்தாள். அந்த அம்மாள் பையை மெதுவாகப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

“தனியவோ வந்தனீங்கள்?”

“ஆமாங்க, வேலையா வந்தனுங்க.”

“அவர் வரேல்லையோ?”

“கல்யாணம் ஆகலீங்க.”

ஊரில் இதைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி எது என்று எனக்கு மனப்பாடம். அவர் அதைக் கேட்கவில்லை. திரும்பி உட்கார வசதியாக இருக்கையில் சரிந்து கால் மாற்றிக்கொண்டார்.

“நான் கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்த புதுசு,” என்றார். “இவர் விடிய வேலைக்குப் போனா இருட்டினாப் பிறகுதான் வருவார். சின்ன ஊர். ஒரு தமிழ்ச் சனம் இல்லை. பக்கத்துப் பட்டணத்தில ஒரு தமிழ்க் கடை இருந்தது. நான் போன் எடுத்து, முருங்கைக்காய் வந்திட்டுதோ எண்டு கேப்பன். வெண்டிக்காய் என்ன விலை எண்டு கேப்பன். ஒண்டும் வாங்கமாட்டன். அந்தக் கடைக்கார ஐயா கதைக்கிறதைக் கேக்கிறதுக்காகத்தான். ரெண்டு மூண்டு வருஷம் இப்பிடி.”

“இது எனக்குத் தெரியாதே,” என்றார் கணவர்.

“நீங்கள் கேக்கேல்லை.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. படகு ஒரு பாலத்துக்கு அடியில் போனது. கொஞ்ச நேரம் எல்லோர் முகத்திலும் நிழல் விழுந்து மறுபடி வெளிச்சம் வந்தது. மகள் ஜெர்மன் மொழியில் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அவர் பிறகு சொல்கிறேன் என்பதுபோல் அவள் முழங்காலைத் தட்டினார்.

இறங்கிய பிறகு ஆற்றங்கரைப் படியில் நாலு பேரும் உட்கார்ந்தோம். அந்த அம்மாள், பாரிஸில் தாங்கள் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோல்ஸை எடுத்து எனக்கும் ஒன்று தந்தார். உள்ளே உருளைக்கிழங்கும் மிளகுமாகக் காரமாக இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாததை அப்போதுதான் உணர்ந்தேன். கேட்காமலே இன்னொன்றும் தந்தார். திருப்பூரில் என்ன வேலை என்று கணவர் கேட்டார். சொன்னேன். மகள் தன் டி-சர்ட்டின் கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்துவிட்டு, “பங்களாதேஷ்,” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

“வாங்கோ, உங்களை ஒரு படம் எடுப்பம்,” என்று அந்த அம்மாள் என் போனை வாங்கினார். “கொஞ்சம் இஞ்சால. ஓம், சிரியுங்கோ.”

ஜெர்மனிக்குத் திரும்பும் மதிய ரயிலுக்கு அவர்களுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து உடையைத் தட்டிக்கொண்டபோது அவர் சொன்னார்: “பின்னேரம் மலைக்கு மேல ஒரு வெள்ளை மாதா கோயில் இருக்கு. அதின்ர படியில போய் இருங்கோ. முழு ஊரும் தெரியும். வடிவா இருக்கும்.” என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். “போயிட்டு வாறம்.”

“போய்ட்டு வாங்க,” என்றேன்.

அவர்கள் சாலையைக் கடந்து கூட்டத்தில் சேர்ந்தார்கள். கணவர் அந்தக் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. அப்புறம்தான் உறைத்தது, பெயர்கூடக் கேட்கவில்லை. சிக்னல் மாறுவதற்காகக் காத்திருந்து அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். சுரங்க ரயிலுக்குப் போகும் வாசலில் நூறு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தலை அவர்களுடையது என்று தெரியவில்லை.

காலையில் இருந்த தனிமைக்கும் அதற்குப் பிறகு வந்த தனிமைக்கும் வித்தியாசம் இருந்தது. காலையில் அது ஒரு கூச்சம் மாதிரி, ஓட்டல் மேசையில் ஆரம்பித்து என்னோடு நடந்து வந்தது. இப்போது அதற்கு எடை இருந்தது. ஒரு தோட்டத்தில் இரும்பு நாற்காலி ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து போனை எடுத்தேன். இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும். பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். டையிங் அண்ணன், அட்டைப்பெட்டிக்காரர், பட்டன் கடை, பிரிண்டிங் மேனேஜர், சரக்கு அனுப்பும் ஏஜென்ட். எல்லோரும் நல்லவர்கள். எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். “ஏனுங்க மேடம், என்ன அவசரம்?” என்பார்கள். அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லி ஆரம்பிக்கக்கூடிய ஓர் ஆள் அந்தப் போனில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. நெருப்பெரிச்சலிலும் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

கொஞ்சம் அழுதேன். பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் நாகரிகமாகத் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்த மலைக்குப் போனேன். வேறெங்கே போவதென்று தெரியாததும் ஒரு காரணம். படிகள் செங்குத்தாக ஏறின. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மேலே வெள்ளைத் தேவாலயத்துக்கு முன்னால் அகலமான படிகளில் ஜனங்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கிதார் வாசித்தார்கள். நானும் ஒரு ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்து முன்னால் பார்த்தேன்.

கூரைகள், கூரைகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறக் கூரைகள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகியும் வெயில் இறங்காமல் அவற்றின்மேல் மஞ்சளாகக் கிடந்தது.

“அடேங்கப்பா, எத்தாச்சோடு பெரிய ஊரு!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தன் மொழியில் நீளமாக ஏதோ சொல்லித் தூரத்தில் ஒரு பச்சைக் கூரையைக் காட்டினார். “ஆமாங்க, அது பெரிய கட்டடந்தானுங்க,” என்றேன் தமிழிலேயே. அவர் இன்னொன்றைக் காட்டினார். நான் ஆறு இருக்கும் பக்கத்தைக் காட்டி, “அங்கதானுங்க மத்தியானம் படகுல போனேன்,” என்றேன். பிறகு எனக்கே தெரியாமல் பிளாஸ்க் கதை, பர்ஸ் கதை, முருங்கைக்காய்க் கதை எல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சரியான இடங்களில் தலையாட்டினார். நான் சிரித்தபோது அவரும் சிரித்தார். முடித்ததும் அவர் தன் பங்குக்கு எதையோ சொல்ல ஆரம்பித்தார். அது சந்தோஷமான விஷயமாகத் தெரியவில்லை. கடைசியில் கையை விரித்துக் காட்டினார். “என்னங்க பண்றது,” என்றேன். கீழே கொடி பிடித்த ஒரு பெண் அவருடைய கூட்டத்தைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, தொப்பியைத் தொட்டுவிட்டு, முழங்காலில் கைவைத்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

குளிர் ஏறும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கண்காட்சியில் எங்கள் இடத்துக்கு முதலில் வந்தது பல வருடங்களாக எனக்குப் போனில் பழக்கமான ஒரு பையர். கைகுலுக்கிவிட்டு, நேற்று ஊரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். எது மிகவும் பிடித்தது என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

டவர் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். பிறகு துணிச் சாம்பிள்களை எடுத்து மேசைமேல் விரித்தோம்.